உப்பாற்றில் விட்ட கலயம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். "எப்பா, அம்மாவுக்கு அன்னைக்கு எல்லாம் சரியாத்தான செஞ்சோம்? ஒண்ணும் விட்டுப்போகலேல்ல?" என்று கேட்டாய். "எல்லாம் சரியாத்தான்டா செஞ்சோம், சாப்டியா?" என்று பேச்சை மாற்றினேன். செல்லூரில் கயிற்றுக் கடையில் உட்கார்ந்து காலமெல்லாம் ஆட்களிடம் பேசிப் பழகியவன் நான். ஒருவர் கயிற்றுக் கண்டின் விலையைக் கேட்டால், விலையைத்தான் கேட்கிறாரா, கடன் சொல்ல வழி பார்க்கிறாரா என்று முகத்தைப் பார்க்காமலே எனக்குப் பிடிபடும். நீ காரியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சரண்யாவுக்கு வயிற்றில் கலைந்துபோனது உன்னால்தானா என்று கேட்டாய். உன் மாமியார் பார்த்துவிட்டு வந்த ஜோசியக்காரர், "தாய்க்குச் செஞ்ச கடைசிக் காரியத்துல கொறை இருக்கு, அந்த ஆத்மா தண்ணியிலயே நிக்குது" என்றாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். சிரிப்பு பாதியில் நின்றதும் எனக்குக் கேட்டது. எந்த வீட்டாரிடமும் சொல்லிவிடக்கூடிய வார்த்தை அது. குறையில்லாமல் காரியம் நடந்த வீடு எங்கே இருக்கிறது? ஆனால் தண்ணியிலயே நிக்குது என்றதும்தான் நான் பேச்சை மாற்றினேன். ஏனென்றால் நிஜமாகவே நின்றது. நான் பார்த்தேன். இத்தனை மாதம் உன்னிடம் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படி. படித்துவிட்டுச் சரண்யாவிடம் கொடு, அந்தப் பிள்ளைக்கும் இது தெரிய வேண்டும்.

அன்றைக்கு அமாவாசை. நல்ல நாள் என்று உன் மாமாதான் சொன்னார். ராமேஸ்வரம் போய் அம்மாவின் அஸ்தியைக் கரைப்பதாகத்தான் கிளம்பினோம். சாயங்காலம் மதுரையில் உனக்கு பூனா ஃப்ளைட். ராமநாதபுரம் தாண்டினதும் ரோட்டில் பஸ்ஸும் வேனும் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றன. ஊரெல்லாம் அன்றைக்குத்தான் கிளம்பியிருந்தது. மாமா வண்டி ஓட்ட, நீ முன் சீட்டில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடிக்கடி போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, லீவு முடிந்துவிட்டது, உனக்கும் பிழைப்பு இருக்கிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பக்கம் நண்டுக்காரர்களுக்கு நான் வருஷக்கணக்காக நைலான் கயிறு போடுகிறேன். பிடித்த நண்டின் கொடுக்கை மடக்கிக் கட்டுவதற்கு அவர்களுக்குக் கயிறு இல்லாமல் முடியாது. ரோட்டிலிருந்து கிழக்கே பிரிந்தால் ஓர் உப்பாறு, சின்னதுதான், நம் ஊர்க் கண்மாய்க் கலுங்கிலிருந்து இறங்கும் ஓடை மாதிரி அகலம். இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு. அது வளைந்து வளைந்து போய்க் கடலில் விழுகிறது. "எல்லாத் தண்ணியும் அதே கடலுக்குத்தான் போகுது. வண்டியத் திருப்பு" என்றேன். நீயும் மாமாவும் மறுபேச்சுப் பேசவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று வீட்டில் எல்லாரையும் நம்ப வைத்திருந்தேன்.

அந்தக் கரை உனக்கு நினைவிருக்கும். மரங்களின் அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. "மூச்சு விடுற வேரு, மிதிச்சா கால்ல ஏறிரும்" என்று நான் சொன்னேன். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் நம் காலடி பட்டதும் குழிக்குள் ஓடி ஒளிந்தன. சேறு தானாகவே எங்கேயோ பொட்டுப் பொட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. நீ முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலயத்தை விட்டாய். ஓர் ஐயர் கூட இருந்திருந்தால் வாய்த் துணியை அவிழ்த்துக் கவிழ்க்கச் சொல்லியிருப்பார். நமக்கு அவசரம். மஞ்சள் துணி கட்டினபடியே கலயம் மிதந்து, மெல்ல ஆடி ஆடிக் கடல் பக்கம் போனது. வளைவில் திரும்பி மறைந்தது. "அம்புட்டுத்தான் மாப்ள, யாரும் திரும்பிப் பாக்காம வாங்க. டேய் மருமகனே, நீ முன்னாடி நட" என்றார் உன் மாமா. நீ திரும்பவில்லை. தோள் குலுங்கினது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. ஆகவே முதலில் இதைக் கேட்டுக்கொள்: நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். சொன்னபடி திரும்பாமல் நடந்தாய். அதில் ஒரு நூலளவு பிசகு இல்லை.

திரும்பினவன் நான். என் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. நீங்கள் வண்டிப் பக்கம் போய்விட்டீர்கள், நான் குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது சத்தம் நின்றது. எப்படிச் சொல்வது, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தினது மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் ஆறு நின்றிருந்தது. மேலே மிதந்த பழுத்த இலைகள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இலைகள் வந்த வழியே போக ஆரம்பித்தன. நாம் வைகையைப் பார்த்து வளர்ந்தவர்கள், தம்பி. அணையைத் திறந்தால் மேற்கேயிருந்து வரும், கிழக்கே போகும், போனது போனதுதான். மற்ற நாளில் மணலும் சாக்கடையும். தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறும் என்பது நம் புத்தியில் எந்த மூலையிலும் கிடையாது. நுரை ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்னால், வளைவைத் திரும்பி, கலயம் வந்தது. மஞ்சள் துணி நனைந்து கறுத்திருந்தது. அவசரமில்லாமல், சந்தையிலிருந்து வீட்டுக்கு வருகிறவள் மாதிரி வந்தது. எனக்கு நேரே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, என்னைத் தாண்டி மேலே காட்டுக்குள் போய் வேர்களுக்கு நடுவே நின்றது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். நான் பிடிக்கவில்லை. வண்டியில் நீ ஹாரன் அடித்தாய். வந்து ஏறினேன். மதுரை வருகிற வரைக்கும் நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள், நான் பயத்தில். ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்து, "தனியா இருப்பீங்களாப்பா?" என்று கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ ஃப்ளைட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பாய்.

உன் அம்மா அந்த ஆற்றை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். நீ காலேஜில் இருந்தபோது, லோடு வண்டியில் என்னோடு வந்தாள். நான் எத்தனையோ தடவை அந்தக் கரைக்குப் போனவன், கயிறு இறக்குவேன், பணம் வாங்குவேன், வண்டி ஏறுவேன், தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அவள் வந்த அரை நாளில் பார்த்துவிட்டாள். "ஏங்க, இது எந்தப் பக்கந்தான் போகுது? காலைல அங்கிட்டுப் போச்சு, இப்ப இங்கிட்டு வருது. இதுல ஒரு சீலை அலச முடியுமா? சோப்பு நொரை திரும்பி வந்து மூஞ்சியில நிக்கும்" என்றாள். "வந்த வேலையப் பாரு" என்று நான் சொன்னேன். எனக்குக் கயிறு இறக்க வேண்டியிருந்தது.

அடுத்த அமாவாசைக்கு நான் தனியாகப் போனேன். கடைப் பையனிடம் வசூல் என்று சொன்னேன். அங்கே ராக்கம்மா என்று ஒருத்தி, என் பழைய வாடிக்கை, சேற்றில் கையை விட்டு நண்டு பிடிக்கிறவள், வாய் கொஞ்சம் அதிகம். கரையில் சும்மா நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னண்ணே, கயிறும் கொண்டாரல, காசும் கேக்கல. ஒடம்புக்குச் சொகமில்லையா?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்காகத் தலையில் தட்டிக்கொண்டாள்.

"அமாவாசைக்குக் கடல் கூடுதலா ஏறும்ணே. அன்னைக்குப் பாத்து தண்ணி எறங்குற வத்தம் முடியிற நேரத்துல விட்டா, ஏத்தத்துல திரும்பித்தான் வரும். யாருகிட்டயாவது ஒரு வார்த்த கேக்கப்புடாதா? ஒங்க ஊரு ஆத்துல தண்ணி வாரதே அதிசயம், ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது!"

"கலயம் எங்க இருக்கு ராக்கம்மா?"

"அந்தா, அந்தத் தில்லை மரத்துக்குப் பின்னாடி ஆடிக்கிட்டுக் கெடக்கு. கிளைய ஒடிச்சுக்கிட்டுப் போயிராதீய, பால் பட்டாக் கண்ணு போயிரும். துணி மக்காநாளே அவுந்துபோச்சு. உள்ள ஒண்ணுமில்ல, எல்லாம் கரைஞ்சு போயிருச்சு. வெறும் ஓடுதான்."

வெறும் ஓடு. இதை நீ இரண்டு தடவை படி. காரியம் அன்றைக்கே, அடுத்த நாளே முடிந்துவிட்டது. சாம்பல் கடலுக்குப் போய்விட்டது. உன் ஜோசியக்காரருக்கு இது தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த பிறகும் நான் போனேன். அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் ஏத்தம் வரும் என்று ராக்கம்மா சொன்னாள், அந்த நேரத்துக்கு நான் கரையில் நின்றேன். சத்தம் நிற்கும். இலைகள் திரும்பும். தில்லை மரத்துப் பின்னாலிருந்து அந்த ஓடு எழுந்து ஒரு முழம் மேலே வரும், நிற்கும், வத்தத்தில் இறங்கும். ஐப்பசி மழையில் நல்ல தண்ணீர் புரண்டு வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறமும் போனேன். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்க்கப் போனேன். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றுபோய், தண்ணீர் திரும்புகிற மாதிரி இருக்கும். கரண்ட் போயிருக்கும், அவ்வளவுதான், எனக்குத் தெரியும். ஆனையூரில் நம் வீட்டு அடுப்படிப் பக்கம் சேற்று வாடை வரும். என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்த சேறுதான், அதுவும் தெரியும். தெரிந்துகொண்டே நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டேன். டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவளிடம் கொள்முதல் விலை சொன்னேன், உன்னைப் பற்றிச் சொன்னேன். சரண்யா உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்ன அன்றைக்கு அடுப்படியில் நின்று உரக்கச் சொன்னேன். பதில் வந்தது என்று சொல்லமாட்டேன். யாரோ கேட்கிறார்கள் என்று இருந்தது.

இப்போது உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதுவும் நீ கேள்விப்படாதது. உனக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று தங்கவில்லை. நான் அப்போது சைக்கிளில் கழிவு நூல் கயிறு வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த காலம். யாரோ தோஷம் என்றார்கள். நான் எதையும் விசாரிக்காமல் வாங்காத ஆள், அதை மட்டும் விசாரிக்காமல் வாங்கிக்கொண்டேன். உடம்பு தேறாதவளை இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக அலைந்தேன். ஈரத் துணியோடு பிரகாரம் சுற்ற வைத்தேன். ஒரு குளத்துப் படியில் அவள் குளிரில் பல் கிட்டி நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீ பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போன பிறகு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "என் வயித்துல நடந்ததுக்கு ஊரு ஊரா என்னைய மன்னிப்புக் கேக்க வச்சீக. யாருகிட்ட எதுக்குக் கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல." எழுந்து கடைக்குப் போய்விட்டேன். நீ அப்படி எழுந்து போகிறவனாக இருக்காதே. உன் மாமியார் பரிகாரத்துக்கு நாள் பார்த்திருப்பதாகச் சொன்னாய். அந்த அம்மா கெட்டவரில்லை, மகளை நினைத்துப் பயப்படுகிறார். மரியாதையாகப் பேசு. ஆனால் சரண்யாவை எங்கேயும் அழைத்துப் போகவிடாதே. அந்தப் பிள்ளை வீட்டில் படுத்து, நன்றாகச் சாப்பிட்டு, அழ வேண்டியதை அழுது எழுந்திருக்கட்டும். டாக்டர் சொன்னதை மட்டும் கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் ஆற்றில் இறங்கினவன் சொல்கிறேன்.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமானது. அன்றைக்கு நீ கலயத்தை விட்டதும், அது உன் கையை விட்டு நகர்ந்ததும், என் வாய் ஒன்றைச் சொன்னது. நீ அழுதுகொண்டிருந்தாய், மாமா கையைக் கழுவிக்கொண்டிருந்தார், யார் காதிலும் விழுந்திருக்காது. சாவு வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது வாயைத் திறக்கக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று உனக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலமெல்லாம் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதும், கோயிலுக்குக் கிளம்பும்போதும், கடைசியில் ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோகும்போதும் சொன்ன அதே வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது. "போயிட்டு வா" என்றேன். சொன்னேன், வந்தாள். தண்ணீர் திரும்பியதால் கலயம் வந்தது என்று ராக்கம்மா சொல்வதை என் புத்தி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கலயம் வளைவில் திரும்பி வந்தபோது எனக்குப் பயத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. கை எட்டியும் நான் எடுத்துக் கவிழ்க்காமல் விட்டது அதனால்தான். உன் அம்மாவை யாராவது போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால், தம்பி, அது நான். அந்தப் பழி உன் பக்கமும் சரண்யா பக்கமும் ஒரு துளி வரக்கூடாது.

நேற்று அமாவாசை. மாட்டுத்தாவணியில் முதல் பஸ் பிடித்துப் போனேன். இந்தத் தடவை ஏத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. வத்தம் நன்றாக இழுக்கிற நேரம் எது என்று கேட்டு, ராக்கம்மாவின் வள்ளத்தில் முகத்துவாரத்துக்குப் போகச் சொன்னேன்.

"கரைக்க எதும் கொண்டாந்தியளாண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஒரு வார்த்தைக்கா வள்ளத்த எடுக்கச் சொன்னீய? செல்லுல சொல்லிட்டுப் போகலாம்ல" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கழியை மட்டும் ஊன்றினாள்.

காடு இரண்டு பக்கமும் பின்னால் போனது. ஆறு அகன்று, பச்சையும் கலங்கலுமாகக் கடலில் கலக்கிற இடத்தில் அவள் வள்ளத்தை நிறுத்தினாள். நான் சொல்ல வந்தது தமிழில் ஒரே எழுத்து, சின்னப் பிள்ளையும் சொல்லும், மாட்டைக்கூட அப்படித்தான் விரட்டுகிறோம். மாட்டுக்குச் சொல்வதை எப்படி அவளுக்குச் சொல்வது? உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். போனில் பாதியில் நின்ற உன் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். "போம்மா" என்றேன். "போ" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அது திரும்புகிற வரைக்கும் நான் நிற்கவில்லை, வள்ளத்தைக் கரைக்கு விடச் சொல்லி, பஸ் ஏறிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. பூனாவுக்கு வந்து உங்களோடு இருக்கச் சொல்லி நீ கூப்பிடும்போதெல்லாம் கடையைக் காரணம் காட்டினேன். இனிமேல் காட்டமாட்டேன். சரண்யா எழுந்து நடமாடட்டும், அப்புறம் டிக்கெட் போடு.

நேற்றுப் பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். காலைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன். வழக்கம்போல அடுப்படியைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தேன். வாடை இல்லை. குழாய் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. ஒவ்வோர் அறையாகப் போய் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை, தம்பி.

அப்பா